பொத்தானை மாற்றுவோம்!

கரடிப் பொம்மை ஒன்று. வயிற்றிலே பேட்டரி, கையிலே முரசு, முதுகிலே சிறு பொத்தான். தட்டிவிட்டால் முரசு கொட்டும், தலை ஆட்டும். குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் மூளை முடக்குவாதத்தால் விரல்கள் சொன்னபடி கேளாத குழந்தைக்கு? அந்தப் பொத்தான் ஒரு பூட்டு! திறவுகோல் என்றென்றும் பிறர் கையில்!

தாய் தட்டிவிடுகிறாள், கரடி ஆடுகிறது, குழந்தை பார்க்கிறது. "என்ன மகிழ்ச்சி பாருங்கள்!" என்கிறோம். மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டுவித்தது யார்? பிறர் ஆட்டுவிக்கப் பார்த்திருப்பது வேடிக்கை. தானே ஆட்டுவிப்பதுதான் விளையாட்டு! "நான் அசைத்தேன், அது ஒலித்தது" என்ற பாடத்தைக் கிலுகிலுப்பையிடம் கற்றுத்தான் எந்தக் குழந்தையும் உலகுக்குள் நுழைகிறது. அந்தப் பாடம் கிட்டாத குழந்தை, "என்னால் ஆவது ஒன்றுமில்லை" என்ற வேறு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. உடற்குறையினும் கொடிது அது!

விதி என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. நாம் கேட்கிறோம்: குறை கையிலா, பொத்தானிலா? கையை மாற்ற இயலாது. பொத்தானை மாற்றலாமே!

மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். லிண்டா பர்க்கார்ட் என்ற அமெரிக்க ஆசிரியை, இத்தகைய பொம்மைகளை வீட்டிலேயே செய்யும் வழியை 1980-இல் நூலாகவே எழுதினார். மாயமில்லை, மந்திரமில்லை. மெல்லிய செம்புத் தகடு இரண்டு. நடுவே மின்சாரம் பாயாத அட்டை. தகட்டுக்கு ஒன்றாக இரண்டு ஒயர். இதனைப் பேட்டரிக்கும் அது தொடும் உலோகத்துக்கும் இடையே செருகினால் மின்னோட்டம் நின்றுவிடும். ஒயர்களின் மறுமுனையிலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுவிட்ச். பொம்மையின் சொந்தப் பொத்தானை ஓடும் நிலையிலேயே விட்டுவிட வேண்டும். பெரிய சுவிட்சை அழுத்தினால் கரடி முரசு கொட்டும், விட்டால் நிற்கும். கை வராவிட்டால் முழங்கை, கால், கன்னம், தலை, எது குழந்தையின் வசத்தில் இருக்கிறதோ அதன் அருகே சுவிட்சை வைக்கலாம். ஊதினால் இயங்கும் சுவிட்சும் உண்டு.

ஒயர் முனையிலே 3.5 மில்லிமீட்டர் பிளக் வைத்தால், ஒரே சுவிட்ச் பல பொம்மைகளுக்கு உதவும். 2018-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் மாற்றுத் திறனாளிகளுக்கென வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியிலும் சுவிட்சுகளை மாட்ட அதே அளவுத் துளைகள்தாம்!

டெலவேர் பல்கலைக்கழகத்திலே கோல் காலவே என்பார் தொடங்கிய 'கோ பேபி கோ' முயற்சி இன்னும் ஒருபடி மேலே சென்றது. குழந்தைகள் ஏறி ஓட்டும் பேட்டரிக் காரிலே, கால் மிதிக்குப் பதில் பெரிய பொத்தான். உடல் சாயாதிருக்கப் பிளாஸ்டிக் குழாயால் தாங்குசட்டம். தூக்கிச் சென்றால்தான் இடம்பெயரும் என்றிருந்த குழந்தை, தானே புறப்பட்டது!

ஆனால், மாற்றியமைத்த பொம்மையைக் கடையிலே வாங்கப் போனால், சாதாரணப் பொம்மையைப்போல் பன்மடங்கு விலை! ஆயிரமாயிரமாகச் செய்யும் பண்டம் மலிவு. சிலருக்கென ஒவ்வொன்றாகக் கையால் மாற்றும் பண்டம் விலையேறும். சந்தை தலைகளை எண்ணும், ஏக்கத்தை எண்ணாது.

தோழர்களே! ஒயரைச் சீவி, ஈயப்பற்று வைக்கத் தெரிந்த கைகள் உங்களுடையவை. பட்டறையிலே ஒருமாலை ஒதுக்கினால், ஒரு குழந்தையின் பூட்டு உடையும். ஒன்றை மட்டும் மறவாதீர்: பேட்டரிப் பொம்மைக்கே இந்த வேலை, வீட்டு மின்சாரத்திலே ஓடும் எதற்கும் கூடாது.

இது தருமம் அன்று. மாற்றுத் திறனாளிக் குழந்தைகளுக்கும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டிலே பங்கு வேண்டும் என்று, 2006-இல் ஐ.நா. மன்றம் நிறைவேற்றிய உடன்படிக்கையின் 30-ஆம் விதி கூறுகிறது. இந்தியா 2007-இலேயே அதனை ஏற்றுக் கையொப்பமிட்டு உறுதி செய்தது. ஏட்டிலே உள்ள உரிமை வீட்டுக்கு வரவேண்டும். சிறப்புப் பள்ளிதோறும் இத்தகைய பொம்மைகள் வேண்டும். செய்து கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். கேட்பது நம் கடமை, கொடுப்பது ஆள்வோர் கடமை.

இரக்கம், பொத்தானைத் தானே தட்டிக் காட்டி விடைபெறும். நீதி, குழந்தையைத் தட்ட வைக்கும். முரசு கொட்டட்டும், அந்தக் குழந்தையின் கையால்!