புகை போயிற்று, கடன் வந்தது!

பசுமை பேசுகிறார்கள் சீமான்கள்! பளபளக்கும் தாளிலே, பச்சை இலைப் படம் போட்டு, ஆண்டுக்கு ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள் பெரிய கம்பெனிகளின் அதிபர்கள். தங்கள் சரக்கு கப்பலேறி, கரையிறங்கி, லாரியேறிக் கடைக்கு வந்து சேரும் வழியெல்லாம் எழும்புகிற கரியமில வாயுவைக் குறைத்துவிட்டோம் என்கிறார்கள். இன்னும் குறைப்போம், இத்தனையாம் ஆண்டுக்குள் இல்லாமலே ஆக்குவோம் என்று சத்தியமும் செய்கிறார்கள்.

செய்யட்டும். அதைக் குற்றம் என்று கூறமாட்டோம் நாம். பூமி சூடேறுவது பொய்யல்ல. புகையைக் குறைத்தாக வேண்டும் என்பதிலே நமக்கு மாறுபட்ட கருத்துக் கிடையாது. அறிக்கை எழுதுபவர் அமர்ந்திருப்பது குளிரூட்டிய அறையிலே. துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் லாரித் தோழனோ, முன்னே நிற்கும் வண்டியின் புகையை முதலில் விழுங்குகிறவன். அவனா புகைக்கு வக்கீலாக வரப்போகிறான்?

நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. காற்று சுத்தமாயிற்று, சரி. அதற்குக் காசு கொடுத்தது யார்?

விடை வேண்டுமா? அமெரிக்கா வரை போய்வர வேண்டும், தோழர்களே.

கலிபோர்னியா மாநிலத்திலே, ஒன்றையொன்று ஒட்டியபடி இரண்டு துறைமுகங்கள்: லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச். அமெரிக்காவுக்குள் கண்டெய்னரில் வரும் சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான் நுழைகிறது. நம்மூர் பனியனும் சீனத்து பொம்மையும் அங்கேதான் இறங்குகின்றன. இறங்கிய பெட்டியைக் கிடங்குக்கும் ரயிலடிக்கும் இழுத்துச் செல்வது லாரி. 2008-க்கு முன்பு அந்த லாரிகள் பெரும்பாலும் பழைய வண்டிகள். நெடுந்தூரப் பாதையிலே ஓடி ஓடிக் களைத்து, கடைசிக் காலத்துக்குத் துறைமுகம் வந்து சேர்ந்தவை. பக்கத்திலே வில்மிங்டன் என்ற பகுதி. ஏழைகள் வாழும் இடம். குழந்தைகளுக்கு இளைப்பு, பெரியவர்களுக்கு இருமல். அந்த வட்டாரத்தையே டீசல் சாவு மண்டலம் என்று பெயரிட்டு அழைத்தார்கள் அங்குள்ள மக்கள்!

பழைய லாரி ஏன் துறைமுகத்துக்கு வந்தது? இங்கேதான் கதையின் வேர் இருக்கிறது. 1980-ல் அமெரிக்க சர்க்கார் லாரித் தொழிலின் மீதிருந்த கட்டுப்பாடுகளை அவிழ்த்துவிட்டது. அதுவரை சங்கமும் சம்பளமும் உள்ள தொழிலாளியாக இருந்தான் டிரைவர். கட்டு அவிழ்ந்ததும் கம்பெனிக்குக் கம்பெனி போட்டி; வாடகை வீழ்ந்தது; வாடகை வீழ, சம்பளம் வீழ்ந்தது. சாமர்த்தியசாலிகள் ஒரு வழி கண்டார்கள். டிரைவரைப் பார்த்து, இன்று முதல் நீ தொழிலாளி அல்ல, நீயே ஒரு முதலாளி என்று பட்டம் சூட்டினார்கள்! சுயேச்சைக் காண்டிராக்டர் என்பது அந்தப் பட்டத்தின் பெயர். பட்டம் வந்தது, கூடவே டீசல் செலவு வந்தது, டயர் செலவு வந்தது, இன்ஷூரன்ஸ் வந்தது. ஓய்வூதியம் போயிற்று, சங்கம் போயிற்று. கூலி நடைக்கு இவ்வளவு என்று ஆனது. துறைமுக வாசலில் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தாலும் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள்தாம் பெரும்பாலும் இந்த முதலாளிகள். முதலாளிகள்! கையிலே காசில்லாதவன் பழைய லாரியைத்தானே வாங்குவான்?

2006-ல் இரு துறைமுகங்களும் காற்றைச் சுத்தப்படுத்தத் திட்டம் தீட்டின. 2008 அக்டோபர் 1 முதல், 1989-க்கு முந்திய லாரிகளுக்கு வாசல் மூடப்பட்டது. படிப்படியாகக் கெடுபிடி ஏறி, 2012 ஜனவரி 1 முதல், 2007-ம் ஆண்டுத் தரத்துக்குக் குறைந்த எந்த லாரியும் உள்ளே நுழைய முடியாது என்றாயிற்று. பல்லாயிரம் லாரிகள் மாற்றப்பட்டன. லாரிப் புகையிலுள்ள கரித்தூள் சுமார் 80 சதவிகிதம் குறைந்தது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. வில்மிங்டன் குழந்தை சற்றே மூச்சு விட்டது. பெரிய சாதனை! நாமும் கைதட்டுகிறோம்.

ஆனால், புது லாரியின் விலை ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். யார் வாங்குவது?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நிர்வாகம் அதற்கு நேர்மையான விடை ஒன்றைத்தான் எழுதியது. லாரி கம்பெனியே வண்டியை வாங்கட்டும், பராமரிக்கட்டும். டிரைவரைச் சில ஆண்டுகளுக்குள் சம்பளத் தொழிலாளியாகச் சேர்த்துக் கொள்ளட்டும் என்றது. இந்த விடை வானத்திலிருந்து விழவில்லை. டீம்ஸ்டர்ஸ் என்ற லாரித் தொழிலாளர் சங்கமும், சுற்றுச்சூழல் சங்கங்களும், அக்கம்பக்கத்து மக்களும் கூட்டணி கட்டிப் போராடிப் பெற்றது. தொழிலாளிக்குச் சோறு முக்கியம், காற்று முக்கியமில்லை என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இந்தக் கூட்டணியைக் கொஞ்சம் பார்க்கட்டும். சோறும் காற்றும் சேர்ந்தே வேண்டும் என்று கேட்டவர்கள் அந்தத் தொழிலாளர்கள்.

விட்டார்களா? லாரி முதலாளிகள் சங்கம் கோர்ட்டுக்கு ஓடியது. வாடகை, வழி, சேவை பற்றி மாநிலமும் நகரமும் சட்டம் போடக் கூடாது என்று 1994-ல் வாஷிங்டன் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது. அதைக் காட்டி வாதாடினார்கள். 2011-ல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், டிரைவரைத் தொழிலாளியாக ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை வெட்டி எறிந்தது. 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேலும் இரண்டு நிபந்தனைகளை வெட்டியது. பழைய லாரிக்குத் தடை நின்றது. புது லாரியைக் கம்பெனி வாங்க வேண்டும் என்பது நிற்கவில்லை. லாங் பீச் துறைமுகமோ முதலிலேயே அந்த நிபந்தனையைச் சேர்க்கவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மானியம் இருந்தது, இல்லையென்று கூறவில்லை. ஆனால் கம்பெனிகள் பல, புது லாரிகளை மொத்தமாக வாங்கி, டிரைவர் தலையிலே தவணைக்குக் கட்டின. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வேலை, போடாவிட்டால் இல்லை. ஒப்பந்தம் ஆங்கிலத்திலே, ஒப்பமிட்டவர்களில் பலர் ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்தவர்கள். படிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைக்கச் சொன்ன மிராசுதாரை நாம் இங்கே பார்த்ததில்லையா? அதே மிராசு, அங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது.

வாரக் கூலியிலிருந்து லாரித் தவணை பிடித்தார்கள், டீசல் பிடித்தார்கள், இன்ஷூரன்ஸ் பிடித்தார்கள், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் பிடித்தார்கள். 2017-ல் யுஎஸ்ஏ டுடே என்ற அமெரிக்க நாளேடு இதையெல்லாம் துருவி ஆராய்ந்து வெளியிட்டது. நாளைக்கு 20 மணி நேரம் வரை ஓட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு டிரைவருக்கு ஒரு வாரம் உழைத்த பிறகு கையிலே மிஞ்சியது 67 சென்ட். டாலர் அல்ல, சென்ட்! ஒரு டாலர்கூட இல்லை! நோயில் படுத்தாலோ, எதிர்த்துப் பேசினாலோ வேலை போகும். வேலை போனால் லாரியும் போகும். அதுவரை கட்டிய தவணையும் அதோடு போகும்.

இந்த 67 சென்ட், பச்சை இலைப் படம் போட்ட அறிக்கையிலே எந்தப் பக்கத்தில் வருகிறது? தேடிப் பார்த்தால் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதற்குக் கம்பெனிகள் கரியைக் கணக்கெழுதும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனி தன் சொந்த வண்டியிலும் தன் சொந்தக் கொதிகலனிலும் எரிப்பது முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரத்துக்காக மின் நிலையத்திலே எரிவது இரண்டாம் வகை. மற்றவை அனைத்தும், அதாவது சரக்கு கொடுத்தவன் ஆலை, ஏற்றி வந்த கப்பல், இழுத்து வந்த காண்டிராக்ட் லாரி எல்லாம், மூன்றாம் வகை. புகைக்கும் வருணம் வகுத்துவிட்டார்கள் பாருங்கள்! கடைசிப் படி, வழக்கம்போல, உழைப்பவன் நிற்கும் படி. தன் லாரிகளை விற்றுவிட்டுக் காண்டிராக்ட் லாரியை அமர்த்திக்கொண்டால் போதும், கம்பெனியின் முதல் கணக்கு அன்றே குறைந்துவிடும். புகை குறையவில்லை, அது வேறு பக்கத்துக்குக் குடிபோயிற்று. முதல் இரண்டையும் எழுது, மூன்றாவதை விரும்பினால் எழுது என்பதுதான் 2001-ல் வந்த மூல விதி.

மூன்றாவதையும் எழுதுகிற கம்பெனிகள் இன்று பெருகியுள்ளன, அது நல்லதே. வால்மார்ட் என்ற மாபெரும் கடைக் கம்பெனி 2017-ல், தனக்குச் சரக்கு கொடுப்போர் வழியாக 2030-க்குள் 100 கோடி டன் கரிப்புகையைத் தவிர்ப்போம் என்று அறிவித்தது. 2024-லேயே எட்டிவிட்டோம் என்று கூறிவிட்டது. சரக்கு கொடுத்தவர்களே எழுதிக் கொடுத்த கணக்கு அது. டன் எத்தனை என்று அதிலே இருக்கிறது. அந்த டன்னைக் குறைக்கப் புது இயந்திரத்தையும் புது வண்டியையும் யார் காசில் வாங்கினார்கள் என்பதற்கு அந்தக் கணக்கு முறையிலே பத்தியே கிடையாது.

இன்னொரு வேடிக்கை. புகையைக் குறைக்க முடியாதவர்கள், எங்கோ ஒரு காட்டிலே மரம் காப்பாற்றியதாகச் சீட்டு விலைக்கு வாங்கி, கணக்கை நேர் செய்துகொள்ளலாமாம். பாவம் செய், பரிகாரக் காசு கொடு, பாவம் தீர்ந்தது என்ற புரோகிதக் கணக்கை ஊர் ஊராக மேடை போட்டுக் கேலி செய்தவர்கள் நாம். அது இப்போது கப்பலேறிப் போய்க் கம்பெனி வேடம் கட்டி வந்திருக்கிறது!

இருக்கட்டும், கலிபோர்னியாவுக்குத் திரும்புவோம். டிரைவர்கள் சும்மா இருக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்தார்கள், மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் வழக்குப் போட்டார்கள். நூற்றுக்கணக்கான வழக்குகளில், நீ காண்டிராக்டர் அல்ல, தொழிலாளியே என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததும் சில கம்பெனிகள் கதவைப் பூட்டிக்கொண்டு வேறு பெயரில் கடை திறந்தன. அதற்கும் மருந்து கண்டது கலிபோர்னியா சட்டமன்றம். 2018-ல் சட்டம் இயற்றி, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டிரைவருக்குத் தரவேண்டிய பணத்தைத் தராமல் ஏய்த்த லாரி கம்பெனிகளின் பெயர்ப் பட்டியலை ஆணையர் ஊரறிய வெளியிடுவார். பட்டியலைப் பார்த்த பிறகும் அந்தக் கம்பெனியை அமர்த்துகிற சரக்குச் சொந்தக்காரரும் அந்தப் பாக்கிக்குப் பொறுப்பு. பெரிய கடைக்காரர், லாரிக்காரன் யாரோ எனக்குத் தெரியாது என்று கைகழுவ முடியாது. நமக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

ஒன்றை மறைக்கக் கூடாது. சொந்த லாரியே மேல், கம்பெனிக் கூலியாக மாட்டேன் என்ற டிரைவர்களும் அங்கே உண்டு. காண்டிராக்டர் பட்டத்தை இறுக்கிப் பிடித்த 2019-ம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, 2022 ஜூலையில் ஓக்லண்ட் துறைமுகத்தை மறித்தவர்கள் அவர்களே. கடனின்றிச் சொந்த வண்டி வைத்திருப்பவனின் மான உணர்ச்சியை நாம் ஏளனம் செய்யமாட்டோம். அவன் பயமும் கடைசியில் இதுதான்: செலவை என் தலையில் கட்டப் போகிறார்களா?

கட்டாமல் செய்ய முடியாதா? முடியும்! கணக்குப் பாருங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அந்த இரு துறைமுகங்களும், சரக்கு நிறைந்த 20 அடிப் பெட்டிக்கு 10 டாலர் வீதம் சரக்குச் சொந்தக்காரரிடம் வசூலித்து, புகையில்லா லாரிக்கு நிதி சேர்க்கின்றன. 40 அடிப் பெட்டிக்கு 20 டாலர். அதிலே 20,000 பனியன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பனியன் ஒன்றுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு! வாங்குகிறவனுக்குத் தெரியாது, விற்கிறவனுக்கு வலிக்காது. அதே செலவை ஒரு டிரைவர் தலையில் வைத்தால் வாரக் கூலி 67 சென்ட் ஆகிறது. சுமை ஒன்றுதான், யானை மேல் ஏற்றுவதா, எறும்பின் மேல் ஏற்றுவதா என்பதே வழக்கு.

அன்றைக்குக் கரித்தூள். இன்றைக்குக் கரியமில வாயு. டீசலே வேண்டாம், மின்சார லாரி வேண்டும் என்கிறார்கள். அதன் விலையோ டீசல் லாரியைப் போல் இரண்டு மூன்று மடங்கு. 2035-க்குள் துறைமுக லாரி அத்தனையும் புகையற்றதாக வேண்டும் என்று 2023-ல் விதி செய்த கலிபோர்னியா, 2025 ஜனவரியில், வாஷிங்டனிடம் கேட்டிருந்த அனுமதி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேலிடத்தில் ஆட்சி மாறும் நேரம்; அனுமதி கிடைக்காது என்ற நிலைமை.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். திருப்பூர்ப் பனியன் தூத்துக்குடிக்குப் போவதும் லாரியில்தான். அமெரிக்கக் கடைக்காரரின் மூன்றாம் வகைக் கணக்கிலே அந்த லாரியின் புகையும் அடக்கம். இங்கேயும் 2022-23 நிதியாண்டிலிருந்து, பங்குச் சந்தையிலுள்ள முதல் 1,000 கம்பெனிகள் பசுமை அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்பது செபியின் உத்தரவு. 2025 ஜூலையில் டெல்லி சர்க்கார், மின்சார லாரி ஒன்றுக்கு அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் மானியம் என்று அறிவித்திருக்கிறது. பழைய லாரியை உடைத்த சான்றுச் சீட்டு இருந்தால்தான் மானியம்!

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துக்கொண்டு, பைனான்சுக்குத் தவணை கட்டிக்கொண்டு, சுங்கச்சாவடிக்கும் டீசலுக்கும் ஈடுகொடுத்துக்கொண்டு ஓடுகிற தோழர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் உடைக்க லாரி இருக்கிறது. மானியம் போக மீதியைப் போட்டுப் புது லாரி வாங்கப் பணம் இருக்கிறதா? பணம் உள்ள பெரிய கம்பெனி நூறு லாரி வாங்கி, அவர்களையே அதில் டிரைவராக ஏற்றி, தவணையையும் அவர்கள் கூலியிலே பிடிக்கத் தொடங்கினால், லாஸ் ஏஞ்சல்ஸ் கதை சேலம் நெடுஞ்சாலையிலே திரும்ப நடக்கும்.

ஆகவே இப்போதே பேசவேண்டும். வாடகை பேசும் மேசையிலே புது லாரியின் விலையையும், துறைமுக வாசலில் காத்துக் கிடக்கும் மணிக்குரிய கூலியையும் சேர்த்துப் பேசவேண்டும். பெட்டிக்கு இவ்வளவு என்று சரக்குச் சொந்தக்காரரிடம் வசூலிக்கச் சொல்லி, தூத்துக்குடி, எண்ணூர், சென்னைத் துறைமுகங்களைக் கேட்கவேண்டும். லாரிக் கூலியை ஏய்த்தவனை அமர்த்தினால் சரக்குக்காரரும் பொறுப்பு என்ற கலிபோர்னியாச் சட்டத்தை, நம்மவர்கள் கையிலெடுத்துக்கொண்டு சட்டமன்றத்திலும் டெல்லியிலும் எழுந்து நிற்கவேண்டும். முதல் லாரி உடைக்கப்படுவதற்கு முன்பே.