படம் படிக்கும் நிரல்

கைபேசியில் ஒரு புகைப்படத்தைத் தொட்டதும் அது திரையில் விரிகிறது. ஆனால் கைபேசியின் நினைவகத்தில் இருப்பது படம் அல்ல. 0 முதல் 255 வரையிலான எண்களின், அதாவது பைட்டுகளின், நீண்ட வரிசை. அந்த எண்களைப் படித்து, எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்று கணக்கிட்டுத் தரும் நிரலுக்கு டிகோடர் என்று பெயர். எதிர்த்திசையில், நிறங்களை எண்களாகச் சுருக்கி எழுதுவது என்கோடர். ஜேபெக், பிஎன்ஜி, கிஃப், வெப்பி என எத்தனை வடிவங்கள் உண்டோ அத்தனைக்கும் இந்த இரண்டையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு வடிவங்கள் எதற்கு? ஒவ்வொரு துறைக்கும் ஒரு தேவை இருக்கிறது. வானியலாளர்கள் தொலைநோக்கிப் படங்களை 1981இல் வெளியான ஃபிட்ஸ் வடிவத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு புள்ளியும் ஓர் அளவீடு. மருத்துவமனை ஸ்கேன்கள் டைகாம் வடிவில், நோயாளியின் விவரங்களோடு சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. புதிதாக வரும் ஓர் ஆய்வகக் கருவி தனக்கென ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டால், அதைத் திறக்கவும் ஒருவர் டிகோடர் எழுதித்தான் ஆக வேண்டும்.

இது பெரிய நிறுவனப் பொறியாளர்களால் மட்டுமே முடிகிற வேலை அல்ல. பைதான் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவரால் எழுத முடியும். எழுதிப் பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும்: என்கோடரும் டிகோடரும் ஒரே பாதையில் போவதும் வருவதுமாகத் தோன்றினாலும், இரண்டையும் எழுதுபவர்களின் பொறுப்பு ஒன்றல்ல.

முதல் பதினாறு பைட்டுகள்

பைதானில் படங்களைக் கையாளப் பரவலாகப் பயன்படுவது பில்லோ என்ற நிரலகம். இதன் முன்னோடி, 1990களின் நடுவில் ஃபிரெட்ரிக் லுண்ட் உருவாக்கிய பைதான் இமேஜிங் லைப்ரரி. அதன் வளர்ச்சி தேங்கிப்போனபோது, 2010இல் ஜெஃப்ரி ஏ. கிளார்க் அதிலிருந்து கிளை பிரித்துப் பில்லோவைத் தொடங்கினார். இந்த நிரலகத்தில் ஒவ்வொரு பட வடிவமும் ஒரு தனிச் செருகுநிரல். உங்கள் வடிவத்துக்கு ஒன்றை எழுதிப் பதிவு செய்துவிட்டால், மற்ற வடிவங்களைத் திறக்கும் அதே கட்டளையால் உங்கள் கோப்பும் திறக்கும்.

ஒரு கோப்பைக் கொடுத்தால் பில்லோ அதன் பெயரை நம்புவதில்லை. முதல் 16 பைட்டுகளைப் படித்து, செருகுநிரல்களிடம் வரிசையாகக் காட்டி, ‘இது உன்னுடையதா’ என்று கேட்கிறது. பிஎம்பி, கிஃப், ஜேபெக், பிபிஎம், பிஎன்ஜி என்ற ஐந்து வடிவங்களுக்கு முதல் அழைப்பு. அவை கைவிரித்தால் மற்ற செருகுநிரல்களின் முறை வரும்.

கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அடையாள எண்களை வைத்தே இந்தப் பதில் கிடைக்கிறது. பிஎன்ஜிக்கான எட்டு எண்கள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற எழுத்துகளின் எண்கள். மற்றவையும் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய தகவல் இணைப்புகள் சில, ஒவ்வொரு பைட்டிலும் எட்டாவது பிட்டை வெட்டிவிடும். அப்படி நடந்தால் 137 என்பது 9 ஆகிவிடும், சேதம் உடனே தெரியும். வேறு சில மென்பொருள்கள் வரி முடிவுக் குறிகளை மாற்றி எழுதும். அதைக் காட்டிக்கொடுக்கவே 13, 10 என்ற ஜோடியும் கடைசியில் தனியாக ஒரு 10உம். டாஸ் கணினியில் யாராவது இந்தக் கோப்பை எழுத்துக்கோப்பாகத் திறந்தால், 26 என்ற எண் அங்கேயே நிறுத்திவிடும். கோப்பு வழியில் என்னென்ன பாடு படும் என்று முன்கூட்டியே எண்ணிப்பார்த்து வைத்த எட்டு பைட்டுகள் இவை.

அடையாளம் பொருந்தியதும் செருகுநிரல் தலைப்புப் பகுதியைப் படிக்கிறது: அகலம், உயரம், நிற முறை. புள்ளிகளை அது இன்னும் தொடுவதில்லை. புள்ளிகள் கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகின்றன, எந்த டிகோடர் அவற்றைப் படிக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் எழுதிவைக்கிறது. படம் உண்மையில் தேவைப்படும்போதுதான் டிகோடர் ஓடும். ஆயிரம் படங்களின் அளவை மட்டும் கேட்டால் பில்லோ விரைவாகச் சொல்லிவிடுவது இதனால்தான்.

சுருக்கப்படாத வடிவம் என்றால் டிகோடரே எழுத வேண்டாம். பில்லோவில் சி மொழியில் எழுதிய பொது டிகோடர் ஒன்று தயாராக இருக்கிறது. பிஎம்பி கோப்பில் வழக்கமாகக் கடைசி வரிசைதான் முதலில் எழுதப்படும். ஒவ்வொரு வரிசையும் நான்கின் மடங்காக முடிய வேண்டும் என்பதால், மூன்று புள்ளிகளுக்கான 9 பைட்டுகளுக்குப் பின் 3 வெற்றுப் பைட்டுகள் நிரப்பப்படும். இந்த இரண்டு செய்தியையும் பொது டிகோடரிடம் சொல்லிவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

ஒன்பது புள்ளிகள், ஒன்பது பைட்டுகள்

சுருக்கப்பட்ட வடிவத்தில்தான் டிகோடருக்கு உண்மையான வேலை. கற்றுக்கொள்ள ஏற்றது க்யூஓஐ வடிவம். ஜெர்மானிய நிரலாளர் டொமினிக் ஷப்லெவ்ஸ்கி 2021 நவம்பரில் இதை அறிமுகப்படுத்தினார். இதன் விவரக்குறிப்பு மொத்தமும் ஒரே பக்கம். அவர் சி மொழியில் எழுதிய மூல நிரல் சுமார் 300 வரி. 2023 ஏப்ரலில் வந்த பில்லோ 9.5 பதிப்பு இதைத் திறக்கக் கற்றுக்கொண்டது, அதுவும் முழுக்கப் பைதானிலேயே எழுதிய டிகோடரோடு.

மூன்றுக்கு மூன்று அளவில் ஒரு சின்னப் படம் எடுத்துக்கொள்வோம். தலைப்பு 14 பைட்டுகள்: அடையாளமாக 113, 111, 105, 102, அகலம் 0, 0, 0, 3, உயரம் 0, 0, 0, 3, பிறகு நிறக்கூறுகளின் எண்ணிக்கை 3, நிறவெளியைக் குறிக்கும் 0. இனிப் புள்ளிகள், மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக.

முதல் புள்ளி வானநீலம்: சிவப்பு 100, பச்சை 150, நீலம் 200. தொடக்கத்தில் ‘முந்தைய புள்ளி’ கறுப்பு என்பது விதி. கறுப்புக்கும் இந்த நீலத்துக்கும் வித்தியாசம் அதிகம், ஆகவே முழுதாகவே எழுத வேண்டும்: 254, 100, 150, 200. இங்கே 254 என்றால் ‘முழு நிறம் பின்னால் வருகிறது’ என்று பொருள்.

கூடவே ஒரு காரியம் நடக்கிறது. என்கோடரும் டிகோடரும் தங்களுக்குள் 64 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையை வைத்திருக்கின்றன. சிவப்பை 3ஆலும், பச்சையை 5ஆலும், நீலத்தை 7ஆலும், ஒளிபுகாமை அளவான 255ஐ 11ஆலும் பெருக்கிக் கூட்டினால் 5255. அதை 64ஆல் வகுத்தால் மீதி 7. நம் நீலம் 7ஆம் இடத்தில் அமர்கிறது.

அடுத்த ஐந்து புள்ளிகளும் அதே நீலம். ‘முந்தையதையே ஐந்து முறை போடு’ என்பதற்கு ஒரே பைட்: 196. ஏழாவது புள்ளியில் சிவப்பும் பச்சையும் ஒவ்வொரு படி கூடுகின்றன: 101, 151, 200. மாற்றம் இவ்வளவு சிறியதாக இருந்தால், மூன்று நிறங்களின் வித்தியாசமும் சேர்ந்து ஒரே பைட்டில் அடங்கும்: 126. எட்டாவது புள்ளி பழைய நீலம். அது அட்டவணையில் 7ஆம் இடத்தில் இருக்கிறதல்லவா? ஆக, எழுத வேண்டியது 7 என்ற பைட் மட்டுமே. ஒன்பதாவது புள்ளி 110, 160, 210. மூன்றும் பத்துப் பத்தாகக் கூடியிருக்கின்றன. வெளிச்சம் மாறும்போது மூன்று நிறங்களும் சேர்ந்தே மாறுவது வழக்கம் என்பதால் அதற்கென ஓர் இரண்டு பைட் முறை உண்டு: 170, 136.

மொத்தம் 9 பைட்டுகள். சுருக்காமல் எழுதினால் 27. கோப்பு முடிந்ததைச் சொல்ல ஏழு பூச்சியமும் ஒரு 1உம் கடைசியில் சேரும். இவ்வளவு சின்னப் படத்தில் தலைப்பும் முடிவுக்குறியும் சேர்ந்து கோப்பு 31 பைட்டுகள் ஆகிவிடும். லட்சக்கணக்கான புள்ளிகள் கொண்ட படத்தில் அந்த 22 பைட்டுகள் கணக்கிலேயே வராது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 64 இட அட்டவணை கோப்பில் எங்கும் இல்லை என்பது. டிகோடர், தான் படிக்கும் ஒவ்வொரு நிறத்தையும் அதே கணக்குப்படி அதே இடத்தில் வைத்துக்கொண்டே வந்தால்தான் 7 என்ற பைட்டுக்கு அர்த்தம் கிடைக்கும். ஓரிடத்தில் கணக்குப் பிசகினால் அதற்குப் பின்னால் வரும் படம் மொத்தமும் கலைந்துபோகலாம். பைதானில் எழுதுபவர் இங்கே குறிப்பாக ஒன்றைப் பார்க்க வேண்டும். 255உடன் ஒன்றைக் கூட்டினால் 0 வர வேண்டும் என்பது க்யூஓஐயின் விதி. சி மொழியில் ஒரு பைட் அளவுள்ள மாறியில் வைத்தால் அது தானாக நடக்கும். பைதான் எண்களுக்கு எல்லை கிடையாது. அது 256 என்றே தரும். ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் 256ஆல் வகுத்து மீதியை எடுக்க மறந்தால், பெரும்பாலான படங்கள் சரியாகத் திறந்து, சில படங்கள் மட்டும் காரணம் தெரியாமல் உடையும்.

எழுதுபவருக்குச் சுதந்திரம்

மேலே சொன்ன ஒன்பது புள்ளிகளையும் ஒவ்வொன்றாக, 254 போட்டு முழு நிறமாகவே எழுதும் சோம்பேறி என்கோடர் ஒன்றை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். கோப்பு பெரிதாகும், ஆனால் அதுவும் செல்லுபடியாகும் க்யூஓஐ கோப்புதான். ஆகவே ஒரே படத்துக்குச் சரியான கோப்புகள் பல இருக்கலாம். எந்த முறையை எப்போது எடுப்பது என்பது என்கோடரின் விருப்பம். டிகோடருக்கு அந்த விருப்பம் இல்லை. விதி அனுமதிக்கும் ஒவ்வொரு கோப்பையும், அதை எழுதியவர் யாராக இருந்தாலும், அது திறந்தாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலனை ஜேபெக்கில் பார்க்கலாம். அதன் தரநிலை 1992இல் வந்தது. 2014இல் மோசில்லாவின் மோஸ்ஜேபெக், 2017இல் கூகுளின் கெட்ஸ்லி, 2024இல் ஜேபெக்லி என்று புதிய என்கோடர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் தருவது அவற்றின் நோக்கம். அவை எழுதும் கோப்புகளை ஏற்கெனவே உள்ள டிகோடர்கள் எந்த மாற்றமும் இல்லாமல் திறக்கின்றன. எப்படிப் படிப்பது என்பதைக் கறாராக வரையறுத்து, எப்படி எழுதுவது என்பதைத் திறந்து விட்டதால் முப்பது ஆண்டு பழைய வடிவம் இன்றும் மெருகேறுகிறது.

படிப்பவருக்குச் சந்தேகம்

என்கோடர் தன் நிரலகம் கொடுக்கும் படத்தை எழுதுகிறது. டிகோடரோ முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்கிறது. அந்தக் கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம். வேண்டுமென்றே பொய் சொல்லலாம்.

14 பைட் தலைப்பில் அகலமும் உயரமும் பல லட்சம் என்று எழுதிவைக்க யாராலும் முடியும். அதை நம்பி டிகோடர் நினைவகம் ஒதுக்கினால் கணினி திணறிப்போகும். பில்லோ சுமார் 8.9 கோடிப் புள்ளிகளைத் தாண்டும் படத்துக்கு எச்சரிக்கை தருகிறது. அதைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் திறக்க மறுக்கிறது. க்யூஓஐயின் மூல நிரலிலும் 40 கோடிப் புள்ளிகள் என்ற வரம்பு உண்டு.

இதைவிட ஆபத்தானது, ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதிவிடுவது. ‘ஐந்து முறை போடு’ என்று கோப்பு சொல்லும்போது படத்தில் மூன்று புள்ளிகளுக்குத்தான் இடம் மிச்சம் என்றால் என்ன செய்வது? சி மொழியில் இதைச் சோதிக்காமல் விட்டால், மிச்ச இரண்டும் வேறு தகவல் இருக்கும் இடத்தில் போய் விழும். வெப்பி படங்களைப் படிக்கும் நிரலகத்தில் இதே வகைப் பிழை ஒன்று 2023 செப்டம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது. தயாரித்து அனுப்பிய ஒரு படத்தால் தாக்குதல் நடத்த அது வழிவிட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உள்ளிட்ட உலாவிகளும், அந்த நிரலகத்தைத் தன்னுள் வைத்திருந்த பில்லோவும் அவசரமாகத் திருத்தப் பதிப்புகளை வெளியிட்டன. ஒரு டிகோடரில் விடுபட்ட ஒரு சோதனை, உலகெங்கும் உள்ள கணினிகளையும் கைபேசிகளையும் தொடும்.

ஆகவே எழுதி முடித்ததோடு வேலை முடிவதில்லை. ஒரு படத்தை என்கோடரால் எழுதி, டிகோடரால் படித்து, புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுவது முதல் சோதனை. அது மட்டும் போதாது. விதியை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இரண்டு நிரலிலும் அதே தவறு இருக்கும், ஒப்பீடு சரியாகவே வரும். வேறொருவர் எழுதிய என்கோடரின் கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டும். அதன்பின் ஒரு நல்ல கோப்பை எடுத்து, ஒவ்வொரு பைட்டிலும் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் டிகோடரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது தெளிவான பிழைச்செய்தியோடு நிற்க வேண்டும். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. மேலே கண்ட 31 பைட் கோப்பில் இந்தச் சோதனையை இரண்டு வரி நிரலில் செய்துவிடலாம்.

பைதானில் எழுதிய டிகோடர் மெதுவானது. 1.2 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரு கைபேசிப் படத்துக்குச் சில நொடிகள் பிடிக்கலாம். வேகம் வேண்டுமென்றால் பிறகு சி மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். சரியாக ஓடும் பைதான் வடிவம் அப்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

தொடங்க நினைக்கும் மாணவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: க்யூஓஐயின் ஒற்றைப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, முதலில் டிகோடரை எழுதுங்கள். என்கோடரை முதலில் எழுதினால் தெரிந்த முறைகளோடு நின்றுவிடத் தோன்றும். டிகோடர் அதற்கு இடம் கொடுக்காது. ஒரு விதியையும் விட முடியாது, ஓர் எண்ணையும் சோதிக்காமல் ஏற்க முடியாது. நாம் அன்றாடம் திறக்கும் எல்லாப் படங்களுக்கும் பின்னால் அப்படிப் பொறுமையாக விதிகளைப் படித்தவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அந்த வேலைக்கு இன்னும் ஆட்கள் தேவை.