கொடுத்த லீவையும் எடுக்காத அமெரிக்கர்கள்!

உலகத்திலேயே பெரிய பொருளாதாரம் அமெரிக்காவுடையது. ஆனால், ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளத்துடன் லீவு கொடுத்தே தீர வேண்டும் என்று தனியார் முதலாளிகளுக்கு உத்தரவிடும் தேசியச் சட்டம் அங்கே கிடையாது!

ஒரு நாள் லீவுக்குக்கூடக் கிடையாது. ஜூலை 4-ந் தேதி அவர்களுடைய சுதந்திர தினம். மணிக்கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளிக்கு அன்று சம்பளம் இல்லை என்று தனியார் முதலாளி சொன்னால், மத்திய அரசின் சட்டம் அவரைத் தடுக்காது. வளர்ந்த நாடுகளில் இப்படிப்பட்ட நாடு அமெரிக்கா ஒன்றுதான்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. கம்பெனிகள் தாமாகவே கொடுக்கும் லீவையும் அமெரிக்கர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. கிடைப்பதே கொஞ்சம்; அதிலும் மிச்சம்! ஏன்?

சட்டத்தில் விடுபட்டது

1910-ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் டாப்ட். உழைக்கிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்று அவர் கருத்துச் சொன்னார். அது பேச்சோடு போயிற்று.

அமெரிக்கத் தொழிலாளரின் அடிப்படைச் சட்டம் 1938-ல் வந்தது. கையெழுத்திட்டவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று அந்தச் சட்டம் விதித்தது. குழந்தைகளை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தியது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் என்றது. ஆனால், வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் உண்டா என்பது பற்றி அது வாய் திறக்கவில்லை. அது முதலாளியும் தொழிலாளியும் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று விட்டுவிட்டது. இன்றுவரை நிலைமை அதுதான்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1936-ல், பிரான்சில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். லியோன் புளூமின் அரசாங்கம் எல்லோருக்கும் இரண்டு வாரம் சம்பளத்துடன் லீவு என்று சட்டம் போட்டது. அந்த இரண்டு வாரம் வளர்ந்து, 1982-ல் ஐந்து வாரமாயிற்று. ஐரோப்பிய யூனியன் நாடுகள் அனைத்திலும் இன்று குறைந்தது நாலு வாரம் கட்டாயம். வேலையில் இருக்கும்போது அந்த நாலு வாரத்தை விற்றுக் காசாக்கவும் முடியாது. ஓய்வு எடுத்தே ஆகவேண்டும்!

யாருக்கு எத்தனை நாள்?

சட்டம் இல்லை என்பதால் அமெரிக்காவில் லீவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தனியார் துறையில் வேலை செய்கிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்குச் சம்பளத்துடன் லீவு உண்டு. ஓராண்டு வேலை செய்தவருக்குச் சராசரியாக 11 நாள். ஐந்தாண்டு ஆனால் 15 நாள். இருபதாண்டு உழைத்தால் 20 நாள்.

ஆனால், இந்தச் சராசரிக்குள் பெரிய பள்ளம் ஒன்று மறைந்திருக்கிறது. சம்பளம் உயர உயர லீவும் கூடுகிறது. ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவர், கடையில் சரக்கு அடுக்குகிறவர் போன்றவர்களில் பலருக்கு ஒரு நாளும் இல்லை. பகுதி நேர வேலைக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தக் கணக்கிலேயே சேரவில்லை.

மத்திய அரசாங்க குமாஸ்தாக்கள் பாடு தேவலை. முதல் மூன்று ஆண்டுக்கு 13 நாள், பிறகு 20 நாள், பதினைந்து ஆண்டுக்குப் பிறகு 26 நாள். நோய் லீவு தனியாக 13 நாள். அரசு விடுமுறை 11 நாள். ஆனாலும், பெரும்பாலோர் 30 நாளுக்கு மேல் லீவைச் சேர்த்து வைக்க முடியாது. மிஞ்சியது ஆண்டு முடிவில் போய்விடும். நம் மத்திய அரசு ஊழியர் 300 நாள் வரை ஈட்டிய விடுப்பைச் சேர்த்து, ஓய்வு பெறும்போது பணமாக வாங்கிக்கொள்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஏன் எடுப்பதில்லை?

பியூ ஆராய்ச்சி நிலையம் 2023-ல் சுமார் 5,900 தொழிலாளர்களிடம் கேட்டது. சம்பளத்துடன் லீவு உள்ளவர்களில் 46 சதவீதம் பேர், கிடைப்பதைவிடக் குறைவாகவே எடுப்பதாகச் சொன்னார்கள்.

காரணம் கேட்டதற்கு, 52 சதவீதம் பேர் "தேவைப்படவில்லை" என்றார்கள். 49 சதவீதம் பேர், திரும்பி வரும்போது வேலை மலையாகக் குவிந்திருக்கும் என்று அஞ்சினார்கள். 43 சதவீதம் பேர், தம் வேலை பக்கத்து மேஜைக்காரர் தலையில் விழுமே என்று சங்கடப்பட்டார்கள். பதவி உயர்வு போய்விடும் என்று பயந்தவர்கள் 19 சதவீதம். வேலையே போய்விடுமோ என்று பயந்தவர்கள் 16 சதவீதம்.

பயம் வெறும் பிரமை அல்ல. மான்டானா தவிர மற்ற மாநிலங்களில், ஒப்பந்தமோ யூனியனோ இல்லாத ஊழியரைக் காரணம் காட்டாமலே அனுப்பிவிடலாம் என்பதுதான் பொது விதி. வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது. பெரும்பாலோருக்கு மருத்துவ இன்சூரன்சும் கம்பெனி மூலமாகவே வருகிறது. அதுவும் சேர்ந்து போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. பல கம்பெனிகளில் ஓய்வு லீவும் நோய் லீவும் ஒரே பையில் போடப்படுகின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதிலிருந்துதான்; ஊருக்குப் போனாலும் அதிலிருந்துதான். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று சேர்த்து வைத்தவருக்கு, டிசம்பர் முடியும்போது பை நிறைய லீவு மிச்சம். 1993-ல் வந்த குடும்ப, மருத்துவ லீவுச் சட்டம் பிரசவத்துக்கும் கடும் நோய்க்கும் 12 வாரம் தருகிறது. ஆனால், அது சம்பளமில்லாத லீவு!

மிச்சம் எவ்வளவு? 2018-ம் ஆண்டில் அமெரிக்கர்கள் எடுக்காமல் விட்ட லீவு 76 கோடியே 80 லட்சம் நாள் என்று அந்நாட்டின் பயணத் தொழில் சங்கம் கணக்கிட்டது. அதில் 23 கோடியே 60 லட்சம் நாள் அடியோடு காலாவதி ஆயிற்றாம். இதன் மதிப்பு 6,550 கோடி டாலர். ஜனங்கள் ஊர் சுற்றினால்தான் இந்தச் சங்கத்துக்கு வியாபாரம். ஆகவே கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே பார்க்கலாம். அப்படிப் பார்த்தாலும் தொகை சிறியதல்ல.

ரயில்வே தொழிலாளர் கதை

2022-ல் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்க சரக்கு ரயில்வே தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை நிறுத்தத்தின் விளிம்புக்கு வந்தார்கள். சம்பள உயர்வு பேசி முடிந்திருந்தது. தகராறு எதற்கு? உடம்புக்கு முடியாமல் போனால் சம்பளத்துடன் சில நாள் லீவு வேண்டும் என்பதற்கு!

ஏழு நாள் நோய் லீவு தரும் தீர்மானம் கீழ்ச்சபையில் நிறைவேறியது. செனட்டில் 52 பேர் ஆதரித்தும், 60 வாக்கு தேவைப்பட்டதால் தோற்றது. ஸ்டிரைக்கைத் தடுத்து, ஒப்பந்தத்தைச் சுமத்தும் சட்டத்தில் டிசம்பர் 2-ந் தேதி ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தத்தில் கூடுதலாகக் கிடைத்த சம்பள லீவு ஒரே ஒரு நாள்.

"லீவும் கூலிதான்"

இருட்டில் ஒரு வெளிச்சமும் உண்டு. கலிபோர்னியாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி, அதுவரை சேர்ந்த லீவுக்குப் பணம் கேட்டார். ஆண்டு முழுதாக முடியவில்லை என்று கம்பெனி கைவிரித்தது. வழக்கு மாநில சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1982-ல் தீர்ப்பு வந்தது. லீவுச் சம்பளம் என்பது தொழிலாளி ஏற்கெனவே செய்த வேலைக்கான கூலி. அது அன்றன்றைக்கே அவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. பிறகு அதைப் பறிக்க முடியாது என்று கோர்ட்டு கூறியது. அதனால் அந்த மாநிலத்தில் "எடுக்காவிட்டால் போச்சு" என்ற விதி செல்லாது. வேலையை விட்டுப் போகும்போது மிச்ச லீவுக்குப் பணம் தந்தாக வேண்டும்.

அண்மைக் காலத்தில் வேறு சில மாநிலங்களும் கண் திறந்தன. நெவாடா 2020-லும், மெய்ன் 2021-லும், இல்லினாய் 2024-லும், எந்தக் காரணத்துக்கும் எடுக்கக்கூடிய சம்பள லீவுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அளவு ஆண்டுக்குச் சுமார் 40 மணி நேரம். அதாவது ஐந்து வேலை நாள்.

இதற்கிடையே பெரிய கம்பெனிகள் புதிய வழி ஒன்றைப் பிடித்திருக்கின்றன. "எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள், கணக்கே கிடையாது!" என்பதுதான் அது. நெட்பிளிக்ஸ் இதற்கு முன்னோடி. மைக்ரோசாப்ட் 2023-ல் தன் அமெரிக்க மாதச் சம்பளக்காரர்களுக்கு இம்முறையைக் கொண்டுவந்தது. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால், கணக்கு இல்லை என்றால் மிச்சமும் இல்லை. மிச்சம் இல்லை என்றால், வேலையை விடும்போது கம்பெனி தரவேண்டிய பணமும் இல்லை! எத்தனை நாள் எடுத்தால் மேலதிகாரி முகம் சுளிக்கமாட்டார் என்பதும் யாருக்கும் தெரியாது.

நம் கணக்கு

நம் நாட்டில் லீவு எழுத்தில் இருக்கிறது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் லீவு என்று வகுத்தது. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் 240 நாளை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. எடுக்காத லீவில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். முறைப்படி கேட்டு, நிர்வாகம் மறுத்த லீவுக்கு அந்த வரம்பும் இல்லை. ஆகவே, லீவை வாயால் கேட்பதைவிட எழுதிக் கேட்பதே மேல்.

எழுத்தில் இருப்பது எல்லோர் கைக்கும் வந்துவிடவில்லை என்பது உண்மை. காண்டிராக்டர் கீழ் வேலை செய்கிறவர், சின்னப் பட்டறைக்காரர், ஊருக்குப் போனால் அந்த நாட்களின் கூலியை இழந்துதான் போகிறார். ஆனாலும் உரிமை என்று சொல்லிக் கேட்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளிக்கு அந்தப் பிடிமானம் இல்லை. முதலாளி தயவில் கிடைத்த லீவு என்பதால், எடுக்கும்போது அவருக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது. எடுக்காமல் விடும்போது கடமையைச் செய்ததாகத் தோன்றுகிறது.

கலிபோர்னியா கோர்ட்டு சொன்னது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தும் வார்த்தை அல்ல. எடுக்காமல், பணமும் வாங்காமல் விட்ட ஒவ்வொரு லீவு நாளும் சம்பளம் வாங்காமல் உழைத்த நாள். இந்த ஆண்டு உங்கள் கணக்கில் எத்தனை நாள் இருக்கிறது என்று ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் உங்களை எதிர்பார்த்திருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.