எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு

இடப்பெயர்வால் படிப்பு விட்டுப்போய், எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை ‘மொக்கு’ என்று ஏசாதீர்கள். தமிழில் எழுத்துக்கள் 247. ஆனால் உயிர் 12, மெய் 18 ஆகியவற்றின் ஒலி பிடிபட்டால், 216 உயிர்மெய்யும் அவற்றிலிருந்தே பிறக்கும்.

முற்றத்து மணலில் விரலால் ‘அ’ எழுதட்டும். ‘ஆனா’ என்று பெயரையல்ல, ஒலியையே வாய்விட்டுச் சொல்லட்டும். புளியங்கொட்டையை அடுக்கியும் எழுதலாம். ‘க’வுக்கு ஒரு கைதட்டு, ‘கா’வுக்கு இரண்டு, ‘கல்’ வேறு, ‘கால்’ வேறு என்பது காதுக்குப் புரியும்.

பலர் இடறுவது கொம்பில்தான். அது முன்னே நிற்கும், ஒலியோ பின்னே வரும். பழைய சவர்க்காரப் பெட்டி அட்டையில் கொம்பு, ‘க’, அரவு மூன்றையும் தனித்தனியே வெட்டுங்கள். சேர்த்தால் ‘கொ’. நடுவில் ‘க’வை எடுத்து ‘ம’வை வைத்தால் ‘மொ’, ‘த’வை வைத்தால் ‘தொ’. மாற்றி வைப்பது பிள்ளையின் கையாக இருக்கட்டும். நாளுக்குக் கால் மணித்தியாலம் போதும். அலுத்தால் விளையாட விடுங்கள்.