நூல்நிலையமும் உடல்நலமும்

நூல் என்பது தறியில் ஓடும் இழைக்கும் பெயர். அறிவு தரும் ஏட்டுக்கும் பெயர். பண்டகசாலையில் எத்தனை பொதி நூல் அடைந்து கிடப்பினும், தறிக்கு வந்து சேராத வரையில் அது எவர் மானத்தையும் காக்காது. நோயைப் பற்றிய அறிவும் அத்தன்மையதே. அதை வேண்டுவோர் கையில் சேர்க்கும் பணியைப் பிற நாட்டுப் பொது நூல்நிலையங்கள் எவ்வாறு நடத்துகின்றன என்பதை நம் அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1836-இல் இராணுவத் தலைமை மருத்துவரின் அலுவலகத்தில் ஒரு சிறு புத்தகத் தொகுதியாகத் தோன்றியது. நெடுங்காலம் அது மருத்துவர்க்கும் ஆராய்ச்சியாளர்க்குமே பயன்பட்டது. 1965-இல் இயற்றப்பட்ட மருத்துவ நூலக உதவிச் சட்டம், வட்டார மருத்துவ நூலகங்கள் தோன்றி ஒன்றோடொன்று இணைய வழி செய்தது. 1997-இல் மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணை இணையத்தில் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டே, பொதுமக்களுக்கென எளிய நடையில் 'மெட்லைன்பிளஸ்' என்னும் தளம் ஏற்பட்டது. அதில் விளம்பரத்துக்கு இடமில்லை.

ஆயினும், கணினி பழகாதவரும், மருத்துவரிடம் கேட்கக் கூசுபவரும் எங்குச் செல்வர்? பொது நூல்நிலையம் எவரையும் வந்த காரணம் கேட்பதில்லை, கட்டணம் பெறுவதுமில்லை. இதையுணர்ந்து, அரிசோனா மாநிலத்தின் பிமா மாவட்ட நூல்நிலையத்தார் 2012-இல் சுகாதாரத் துறையுடன் கூடி, நூல்நிலையத்திலேயே செவிலியரை அமர்த்தினர். வருவோர்க்கு இரத்த அழுத்தம் பார்ப்பதும், தக்க மருத்துவ உதவி கிடைக்குமிடத்தைக் காட்டுவதும் அவர் பணி. தெற்குப் பிலடெல்பியாவில் 2016-இல் நூல்நிலையமும் நகர மருத்துவ நிலையமும் ஒரே கட்டடத்தில் அமைந்தன.

இங்கே ஓர் எல்லை உண்டு. நூலகர் வைத்தியர் அல்லர். நோயை நிர்ணயிப்பதோ மருந்து கூறுவதோ அவர் வேலையன்று. இதை எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், இதனால் எதையேனும் விற்க முயல்கிறாரா என்று ஆராய்ந்து, நம்பத்தக்கதையே அவர் எடுத்துத் தருகிறார். கைப்பேசியில் வந்ததையெல்லாம் நம்பி மருந்துண்ணும் இக்காலத்தில் இம்மூன்று கேள்விகளும் நமக்கும் வேண்டுவனவே.

ஓர் உதாரணம் கூறுவோம். பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி வண்ணம் நஞ்சின் கடுமையைக் குறிக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பின் நீலம், இறுதியில் பச்சை. பச்சையும் நஞ்சே என்பதை மறத்தலாகாது. இச்செய்தி புட்டியின் மேலேயே இருக்கிறது. எனினும், பொருள் அறியாதார்க்கு அது வெறும் வண்ணமே. பஞ்சுத் தூசியால் நெஞ்சு இறுகுவதைப் பற்றிய அறிவும் இவ்வாறே தொழிலாளர் பலரை அடையாமல் நிற்கிறது.

நமக்கு வழி புதிதன்று. 1931-இலேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியேறிப் புத்தகங்கள் வாசகரைத் தேடிச் சென்றன. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். ஆகவே நூல்நிலையம் பிறர் அளிக்கும் தானமன்று. நம் பணத்தால் நடக்கும் நமது சொத்து.

ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் நூலகரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தாரையும் கலந்து, நூல்நிலையத்தில் உடல்நல நூல்களுக்கென ஓர் அலமாரி ஒதுக்கச் செய்யலாம். மாதம் ஒரு மாலை, செவிலியர் வந்து எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்குமாறு எடுத்துரைக்க ஏற்பாடு செய்யலாம். செலவு சிறிது, பயனோ பெரிது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.