கூட்டுக் குடிநீரும் ஸ்தல ஸ்தாபன ஒப்பந்தங்களும்

ஓர் ஊருக்கு வேண்டிய வசதிகள் யாவற்றையும் அவ்வூர்ப் பஞ்சாயத்தோ நகரசபையோ தனித்து நின்று செய்துகொள்ள இயலுவதில்லை. தண்ணீர் ஓரிடத்தில் இருக்கிறது. தாகம் வேறோரிடத்தில் இருக்கிறது. இடையில் பல எல்லைகள் குறுக்கிடுகின்றன. ஆகவே ஸ்தல ஸ்தாபனங்கள் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு வசதிகளைப் பகிர்ந்துகொள்ள நேருகிறது. அவ்வுடன்படிக்கைகள் எவ்வாறு அமைகின்றன, மீறினால் என்ன செய்ய முடியும் என்பதை நமது அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் சுமார் 125 கிலோமீட்டர்தான். எனினும் அதன் நீரைப் பருகுவோர் அதன் கரையில் வாழ்வோர் மட்டுமல்லர். சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிக்கும், வல்லநாடு, கலியாவூர்ப் பகுதியிலிருந்து தூத்துக்குடிக்கும் குழாய்கள் செல்கின்றன. மாவட்ட எல்லைக்கு அப்பாலுள்ள அருப்புக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்களுக்கும் இந்நதியின் நீர் போகிறது. கிணறு ஓர் ஊராட்சியின் எல்லையில். குழாய் பல ஊராட்சிகளின் நிலத்தில். குடிப்போர் மற்றோர் ஊரில். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்பதன் பொருள் இதுவே.

இவ்வாறு பகிர்ந்துகொள்வதற்கு நான்கு முறைகள் உண்டு.

முதலாவது, கூட்டுக் கமிட்டி. 1920-ஆம் ஆண்டின் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமே இதற்கு இடமளித்திருந்தது. பொதுவான காரியம் ஒன்றுக்காக நகரசபை அண்டை ஸ்தாபனங்களுடன் சேர்ந்து கமிட்டி அமைக்கலாம்; அரசாங்கம் பணித்தால் அமைத்தே ஆக வேண்டும்; கருத்து வேற்றுமை எழுந்தால் அரசாங்கத்தின் முடிவே இறுதியானது. அச்சட்டத்தின் இடத்தில் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது, ஒரு ஸ்தாபனம் மற்றொன்றிடம் சேவையை விலைக்கு வாங்குவது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லேக்வுட் என்னும் ஊர் 1954-இல் தனி நகராட்சியாயிற்று. அது போலீஸ், சாலைப் பராமரிப்பு முதலியவற்றுக்குத் தனி இலாகாக்களை ஏற்படுத்தாமல், லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நிர்வாகத்திடமிருந்தே ஒப்பந்தம் மூலம் பெற்றுக்கொண்டது. பல ஊர்கள் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின.

மூன்றாவது, பொதுவான ஒரு வாரியத்திடம் காரியத்தை ஒப்படைப்பது. நம் மாநிலத்தில் பெரிதும் வழங்குவது இம்முறையே. 1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஆற்றில் கிணறு தோண்டி, நீரை இறைத்து, பெருங்குழாய் வழியே ஊர்த் தொட்டி வரை கொணர்கிறது. தொட்டியிலிருந்து வீடு வரை கொண்டுசேர்ப்பது பொதுவாகப் பஞ்சாயத்தின் பொறுப்பு.

நான்காவது, எல்லையையே நீக்கிவிடுவது. ஆற்றின் இரு கரையிலும் தனித்தனி நகரசபைகளாயிருந்த திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும், மேலப்பாளையம், தச்சநல்லூர் முதலியவற்றுடன் இணைந்து 1994-இல் ஒரே மாநகராட்சியாயின. ஆனால் எல்லா ஊர்களையும் இணைத்துவிட முடியாது. ஆகவே ஒப்பந்தத்தின் தேவை என்றும் நீங்காது.

இனி, நல்ல ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய ஷரத்துகள் யாவை? ஒவ்வோர் ஊருக்கும் நாள் ஒன்றுக்கு எத்தனை லிட்டர். அதற்கு விலை என்ன. அளப்பவர் யார், எந்த இடத்தில். எதுவரை ஒருவர் பொறுப்பு, எங்கிருந்து மற்றவர் பொறுப்பு. சொன்னபடி நடவாவிடில் பரிகாரம் என்ன. இவ்வைந்தும் தெளிவாயிருந்தால் தாவா எழாது; எழுந்தாலும் நீடிக்காது. நூலை எடை போடாமல் நெசவாளியிடம் கொடுத்துவிட்டுப் பின்னர்ச் சேலையின் எடை குறைந்தது என்று வழக்காடும் சங்கம் எதுவும் உண்டா?

பரிகாரம் என்பதுதான் இவற்றுள் கடினமானது. பணம் கட்டாத ஊருக்குத் தண்ணீரை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். ஆனால் பாக்கி வைத்தது நிர்வாகம். தவிப்பதோ குழந்தைகளும் முதியவர்களும். ஆகவே குடிநீர் விஷயத்தில் அத்தண்டனை எளிதில் கையாளத் தக்கதன்று. அதற்கு மாற்றாக ஏற்பட்டதே பிடித்தமுறை. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசாங்கம் பஞ்சாயத்துகளுக்கு நிதி அளிக்கிறது. கிராமப் பஞ்சாயத்தின் இரண்டாம் எண் கணக்கு, மின்கட்டணத்தையும் குடிநீர் வாரியத்தின் கட்டணத்தையும் செலுத்துவதற்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டது. விளைபொருள் விற்ற தொகையில் பயிர்க்கடனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அறிந்த நமக்கு இது புதிதன்று. அதுபோலவே, சங்கத் தாவாக்கள் பதிவாளரின் மத்தியஸ்தத்துக்குச் செல்வதை 1983-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தில் காண்கிறோம். ஸ்தாபனங்களின் தாவா அரசாங்கத்தின் முன் செல்வதும் அதே கருத்தில்தான்.

ஆனால் இங்கு ஒரு குறை உண்டு. பண பாக்கியைப் பிடிக்க வழி இருக்கிறது. தண்ணீர் பாக்கியைப் பிடிக்க அத்துணை எளிய வழி இல்லை. பஞ்சாயத்து செலுத்தத் தவறினால் கணக்கில் தெரிந்துவிடும். ஊருக்கு வரவேண்டிய நீர் குறைந்தால் அது எந்தக் கணக்கில் தெரியும்? ஆற்றுக்கால்வாய்க்கு இருப்பதுபோலவே குழாய்க்கும் தலைமடையும் கடைமடையும் உண்டு. தலைமடை ஊர் அளவின்றி எடுத்தால் கடைமடை ஊரின் தொட்டி நிரம்பாது.

இதற்கு மருந்து அளவுமானி ஒன்றே. 2,000 பேர் வாழும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் எனில், ஊருக்கு 1,10,000 லிட்டர் வரவேண்டும். மீட்டர் 80,000 காட்டினால் 30,000 லிட்டர் பாக்கி. இக்கணக்கு நாள்தோறும் புத்தகத்தில் ஏறுமானால், பஞ்சாயத்து வாரியத்தின் முன் ஆதாரத்தோடு நிற்கலாம். மீட்டர் பழுதாகிக் கிடக்குமானால், வராத நீருக்கும் பணம் கொடுக்க நேரலாம்.

மற்றொரு குறை, நீரின் தூய்மை பற்றியது. மேலூர்க் கழிவு ஆற்றில் கலந்தால் கீழூர்க் கிணறு கெடும். ஆனால் கீழூர் ஒப்பந்தம் செய்திருப்பது வாரியத்தோடு, மேலூரோடு அன்று. தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் 2024-இல் நேரில் வந்து பார்வையிடும் நிலை ஏற்பட்டது. நீதிமன்றம் கடைசிப் படி, முதற்படியன்று. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை, நீர்ப் பங்கீடு உட்பட, மாவட்டத் திட்டக் குழு கவனிக்க வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. மேலூரும் கீழூரும் ஒரே மேஜையில் அமர்வதற்குரிய இடம் அதுவே.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கது எளிதே. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தையொட்டியும் கிராமசபை கூடுகிறது. அன்று மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நம் ஊருக்கு ஒப்பந்தப்படி வரவேண்டியது எத்தனை லிட்டர்? மீட்டர் ஓடுகிறதா? சென்ற ஆண்டு நாம் செலுத்தியது எவ்வளவு? விடையைத் தீர்மானமாக எழுதச் செய்தல் வேண்டும். சங்கத்தின் பொதுக்குழுவில் வரவு செலவைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அரிய காரியமன்று. ஒப்பந்தத்தைக் காப்பது கையெழுத்திட்டவர்களால் மட்டும் ஆவதன்று. அதன் பயனைப் பெறுவோர் கணக்குக் கேட்பதாலேயே அது நிலைபெறும்.