ஐரிஸ் இலையில் ஒரு மஞ்சள் கோடு

ஐரிஸ் வளர்ப்பவர்கள் அதிகம் பதறுவது கிழங்கழுகலைக் கண்டுதான். பெக்டோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி புகுந்துவிட்டால், தரையை ஒட்டிப் படரும் கிழங்கு கூழாகிப் போகும்; நாற்றம் மூக்கைத் துளைக்கும். வட அமெரிக்காவில் இதற்கு வாசல் திறந்துவிடுவது ஓர் அந்துப்பூச்சியின் புழு. இலையுதிர்காலத்தில் பழைய ஐரிஸ் சருகுகளில் முட்டையிடும் பூச்சி அது. வசந்தத்தில் பொரியும் புழு இலைக்குள் நுழைந்து, தின்றுகொண்டே இறங்கி, கோடையில் கிழங்கை எட்டிவிடும். ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான் என்பதால், குளிர்காலத்தில் சருகை வாரி அப்புறப்படுத்தினாலே பாதித் தொல்லை தீரும். அழுகியதைச் செதுக்கி எறிந்து, மிச்சத்தை வெயிலில் உலர்த்தி, கிழங்கின் முதுகு வெளியே தெரியும்படி நட்டால் செடி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

தேமல் நோய்க்கு இந்த வைத்தியமெல்லாம் செல்லாது. இலையில் வெளிர்பச்சையும் மஞ்சளுமாகக் கோடுகள், இதழில் திட்டுத்திட்டாக நிறம். இதைச் செய்யும் வைரஸ்களில் முக்கியமானவை இரண்டு: ஒன்று மிதமான தேமலைத் தருவது, மற்றது கடுமையானதை. வசந்தக் குளிரில் பளிச்சென்று தெரியும் கோடுகள் வெயில் ஏறியதும் மங்கிவிடும். செடி தேறிவிட்டது என்று நம்பிக் கிழங்கைப் பிரித்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுப்பார்கள். அங்கேதான் வினை. கோடு மறைந்ததே தவிர, வைரஸ் போகவில்லை; துண்டோடு அதுவும் போய்ச் சேர்கிறது. விதை வழியே நட்டால் பெரும்பாலும் தப்பலாம். ஆனால் விதையில் முளைப்பது தாய்ச்செடியின் நகலாக இருக்காது. பெயர்பெற்ற ரகத்தைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அது உதவாது.

வயலுக்குள் தேமலைப் பரப்புவது அசுவினி. சந்தையில் கூடைக்குக் கூடை ஒரு கீற்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்பவரைப் போல, செடி செடியாக உறிஞ்சூசியைக் குத்திச் சாற்றை ருசி பார்க்கும். அந்தச் சில நொடிகளில் வைரஸ் ஊசியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் குத்தும்போது உள்ளே இறங்கிவிடும். மருந்தடித்தால் அசுவினி சாகும், ஆனால் சாவதற்குள் வேலையை முடித்திருக்கும். அதனால்தான் நெதர்லாந்தின் குமிழ்ப்பூ வயல்களில் கனிம எண்ணெய் தெளிக்கிறார்கள். அந்த மென்படலம் வைரஸ் தொற்றுவதைத் தடுக்கிறது. தேமல் கண்ட செடியைப் பார்த்த இடத்திலேயே பிடுங்குவதும் அங்கே வழக்கம். அழகான செடியைப் பிடுங்க மனம் வராதுதான். இரக்கப்பட்டால் வயலே போகும்.

நோயுற்ற செடியிலிருந்து நோயற்ற கன்றை எடுக்க ஒரு வழி உண்டு. குருத்தின் உச்சியில் ஓயாமல் பிரியும் செல்கள் இருக்கும் துளியளவு திசுவுக்குள் பெரும்பாலும் வைரஸ் எட்டுவதில்லை. அதை வெட்டி ஊட்டக்கரைசலில் வளர்த்து, வைரஸ் இல்லாத டாலியாவை 1952-இல் பிரான்சின் மோரெலும் மார்ட்டினும் உருவாக்கிக் காட்டினார்கள். இன்று பல குமிழ்ப்பூக்களுக்கும் இதே முறைதான். செலவு அதிகம், வீட்டுத் தோட்டத்தில் நடக்காது.

ஐரிஸின் இன்னொரு வைரஸ் நம் சமையலறைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. 1998-இல் நெதர்லாந்து ஐரிஸிலிருந்து புதிய இனமாக விவரிக்கப்பட்ட மஞ்சள்புள்ளி வைரஸ் அது. ஐரிஸுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. அடி வாங்குவது வெங்காயம். அமெரிக்காவிலும் பிரேசிலிலும் வெங்காய வயல்களில் இதன் வடுக்கள் 1980-களிலேயே கண்ணில் பட்டிருந்தன. 2006-இல் மகாராஷ்டிர வெங்காயத்திலும் இது இருப்பது பதிவானது. நாம் வாங்கும் பெல்லாரியில் பெரும்பங்கு அந்தப் பக்கத்துச் சரக்கு. தாளில் வைக்கோல் நிறத்தில், வைர வடிவத்தில் புண்கள் விழும். பூந்தண்டில் விழுந்தால் தண்டு ஒடிந்து சாயும், விதைப்பயிர் வீண்.

பரப்புவது வெங்காய இலைப்பேன். அசுவினியைப் போல இது வைரஸை ஊசிமுனையில் ஏந்தித் திரிவதில்லை. குஞ்சுப் பருவத்தில் உண்ட வைரஸ் இதன் உடலுக்குள்ளேயே பெருகும். வளர்ந்தபின் பூச்சி சாகும்வரை அதைப் பரப்பிக்கொண்டிருக்கும். குஞ்சுப் பருவத்தில் வைரஸை உண்ணாத பூச்சி, வளர்ந்தபின் நோயுற்ற செடியை எவ்வளவு உறிஞ்சினாலும் அதைப் பரப்பாது. ஆகவே நோயின் முடிச்சு குஞ்சு பொரியும் செடியில்தான் இருக்கிறது. அறுவடைக்குப் பின் வயலில் தப்பிக் கிடந்து மறுபடி முளைக்கும் வெங்காயம் அப்படிப்பட்ட செடி. விதையில் இந்த வைரஸ் வராது என்பதால், அவற்றைப் பிடுங்கி, அடுத்த நடவுக்கு முன் சில வாரம் நிலத்தை வெங்காயமில்லாமல் விட்டாலே சங்கிலி பெருமளவு அறுந்துவிடும்.